ரிவெட் அடித்த தகடு

என் மேசை விளிம்பில் ஒரு அலுமினியத் தகடு ரிவெட் அடித்துப் பதித்திருக்கிறது. மோட்டாரின் மேல் இருக்க வேண்டிய தகடு. கம்பெனிப் பெயர், குதிரைத்திறன், வோல்டேஜ் எல்லாம் அச்சாகியிருக்கும். வோல்டேஜ் எண்ணின் மேல் குறுக்காக ஒரு கீறல். வருகிறவர்கள் அதென்ன என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஒற்றை லேத்தில் தொடங்கி, இன்று வெளிமாநிலங்களுக்கு மோட்டார் அனுப்புகிறேன். தகடு அச்சடிக்க புரோகிராம் எழுத வந்த பெண்ணை ‘கம்ப்யூட்டர் அம்மணி’ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ஒவ்வொரு ரக மோட்டாரின் விவரத்தையும் ஒரு ஆப்ஜெக்டாக, பொட்டலம் கட்டின மாதிரி வைத்து, “ரீட்ஒன்லி போட்டு, படிக்க மட்டுந்தான்னு பூட்டிப்போட்டேனுங்கய்யா” என்றாள். அதையும் நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

உடுமலைப்பேட்டைத் தோப்புக்காரர் ஒருவர், தன் பக்கம் கரண்ட் குறைவாக வருகிறது, அதற்குத் தோதாக ஒரு மோட்டார் வேண்டும் என்றார். ஆபீஸில் அவருடைய ஆர்டரில் மட்டும் வோல்டேஜைக் குறைத்துப் போட்டார்கள். அந்த ரகத்துக்கு அப்புறம் அடித்த தகடு அத்தனையிலும் அந்தக் குறைந்த எண்ணே விழுந்தது. மைசூருக்கு மோட்டார் ஏற்றிய லாரி கிளம்பும்போதுதான் அம்மணி பார்த்துவிட்டு ஓடி வந்தாள். தகட்டை நம்பிக் குறைந்த கரண்டில் ஓட்டினால் மோட்டார் கருகும். கூடவே என் பெயரும்.

“ஏன் அம்மணி, பூட்டிப்போட்டேன்னியே?”

அவள் ஒரு திருப்புளியை எடுத்து மோட்டார்த் தகட்டில் சர்ரென்று கீறினாள். “தகட்டக் கழட்ட முடியுதுங்களா? ரிவெட் அடிச்சிருக்கு. எழுத்து போச்சுங்களே! நான் பூட்டுனது ரிவெட்டைத்தானுங்க. வேற ஆப்ஜெக்டை அங்க வெக்க முடியாது. ஆனா அதுக்குள்ள இருக்கறத மாத்தலாம். எல்லா ஆர்டரும் அந்த ஒண்ணைத்தான் பாக்குது. எழுத்தையும் பூட்டியிருக்கோணும். என் தப்புங்க.”

தொழிற்சாலையே பார்க்க, குரல் தாழாமல் சொன்னாள். எனக்கு அப்படியே விளங்கிப்போயிற்று. மோட்டாரையெல்லாம் இறக்கச் சொன்னேன்.

“ஏனுங்க மொதலாளி, ஏத்தறதும் எறக்கறதுமே பொழப்புங்களா?” என்றார் டிரைவர்.

“என் பேரு போட்ட தகடு பொய் சொல்லாதுங்க” என்றேன்.

ஆர்டருக்கு ஒரு நகல், நகலுக்குள்ளும் பூட்டு என்று மாற்றி எழுதிக் கொடுத்தாள். தகடெல்லாம் புதிதாக அடித்து அனுப்பினோம். இன்று அவள் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறாள். எங்கள் புரோகிராம் அவள் எழுதியதுதான், இன்னும் ஓடுகிறது.

போன வாரம் மகன் மேசைக்குப் பாலிஷ் போட ஆள் கூட்டி வந்தான். “அப்பா, அந்தக் கீறலையும் தேச்சு எடுத்துரலாமுங்களா?”

“கை வெக்காதே கண்ணு” என்றேன். “இந்தத் தகட்டுல எழுத்துக்கும் பூட்டு.”