நானே எழுதியது

டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு எதிரே இருக்கும் என் வக்கீல் அறைக்கு அவர் நிலக்கரிச் சுரங்கச் சீருடையிலேயே வந்தார். காலரில் கரித்தூசி. வெளியே பைக் வந்து நிற்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்து, லேப்டாப் பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை போக மிச்ச நேரத்தில் மென்பொருள் எழுதுகிறவர். பண்ருட்டி முந்திரி ஆலை ஒன்றுக்கு அவர் விற்கவிருந்த மென்பொருளுக்கு நான்தான் ஒப்பந்தம் தயாரித்திருந்தேன். கையெழுத்துப் போட வந்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார்: “இது முழுவதும் நானே எழுதியது, இதன் மூல நிரல் (சோர்ஸ் கோடு) யாருக்கும் தரப்படாது.”

“பாதி நெட்ல எடுத்ததுங்க சார்.”

“சும்மா கிடைச்சதுதானே? அப்புறம் என்ன?”

“எடுக்கலாம், மாத்தலாம், விக்கலாம்னு எழுதுனவரே சொல்லியிருக்காருங்க. ஆனா நம்மகிட்ட வாங்குறவங்களுக்கு சோர்ஸ் கோடையும் அதே உரிமையோட கொடுத்தாகணும். காப்பிலெஃப்ட்டும்பாங்க. அந்த நிபந்தனைய நான் அழிச்சிட்டேன் சார். அவர் பேரையும் சேத்து.”

“எவன் பார்க்கப் போறான்? போடுங்க.”

“ரெண்டு நாளா நானும் அதையேதான் சொல்லிக்கினு இருக்கேன். சோறு எறங்கல.” நிமிர்ந்து பார்த்தார். “இந்த வரிய நீங்க எழுதுனீங்களா சார்?”

என் சீனியருடைய பழைய ஒப்பந்தத்தில் பெயர்களை மட்டும் மாற்றி எடுத்த வரி அது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை.

அந்த வரிக்குக் கீழே எத்தனை பேரைக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன் என்று பழைய கோப்புகளைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. வெளியே பைக் வந்து நின்றால் இப்போது நானும் வாசலைப் பார்க்கிறேன்.