புதுச்சத்திரத்தில் பிரித்த நூல்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் நடுவில் பேசவே கூசுவேன். பயணக் கட்டுரை எழுத வந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். பயணமும் நீளமில்லை, கடலூரிலிருந்து சிதம்பரம், நாற்பத்தைந்து கிலோமீட்டர்.

காலை எட்டரைக்குப் பஸ் ஏறினேன். டிக்கெட் நாற்பது ரூபாய். மடியில், ஆரி ஊசியில் பூவேலை செய்த ஒரு பட்டு ரவிக்கைக் கை. சிதம்பரம் மேல வீதித் துணிக்கடை அம்மாவுக்கு இந்த மாதிரித் துண்டு பிடித்தால் மாதாமாதம் வேலை கிடைக்கும். பிடிக்காவிட்டால் மறுபடி புடவைக்கு ஓரம் அடிப்பதுதான்.

முதுநகரில் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரங்கிப்பேட்டைக்காரி, துபாயில் இருந்துவிட்டு வந்தவளாம். சிப்காட் தாண்டும் முன்பே என் மடியை எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, ஒரு எடம் விடாம ரொப்பி வெச்சிருக்கீங்க? கல்யாணப் பொண்ணு கையா, நகைக்கடை ஜன்னலா?”

எனக்கு முகம் சுருங்கியது. “ஜாஸ்தி இருந்தாத்தானே வேலை தெரியும்?”

அவள் தன் கையை நீட்டினாள். மருதாணி. மணிக்கட்டிலிருந்து ஒரே ஒரு கொடி சாய்ந்து ஏறி ஆள்காட்டி விரலில் முடிந்தது. மற்றதெல்லாம் வெறும் தோல். “அங்க பக்கத்து வீட்டு சூடான்காரம்மா கத்துக் குடுத்தாங்க. எடம் விட்டாத்தான்க்கா பூ தெரியும்.”

அந்தக் கையைப் பார்த்த கண்ணால் என் வேலையைப் பார்க்க முடியவில்லை. ஆரித் தையல் சங்கிலி போன்றது. கடைசி முடிச்சை அறுத்து இழுத்தால் சரசரவென்று கழன்றுவிடும். புதுச்சத்திரத்தில் இழுக்கத் தொடங்கினேன்.

“அய்யோ, நான் சும்மா சொன்னேன்க்கா!”

“நீ சொன்னது சரிதாம்மா. இந்த நுனியப் புடி.”

பி.முட்லூரில் அவள் இறங்கும்போது துணியில் ஒரு கொடி மட்டும் நின்றது. ஊசித் துளைகளை நகத்தால் தேய்த்தேன்; பாதிதான் மறைந்தது.

பத்து மணிக்குக் கடை. அந்த அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இங்கல்லாம் பிரிச்சிருக்கீங்க போலிருக்கே?”

“ஆமாங்க. வர்ற வழியில பிரிச்சேன்.”

“இந்தக் கொடிய எந்த வீடியோல பாத்தீங்க?”

“வீடியோ இல்லீங்க. பஸ்ல ஒருத்தங்க கையில பாத்தேன்.”

சிரித்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க கஸ்டமருக்குக் காலியாத் தெரியும். ஓரத்துல ரெண்டு வரி கல்லு வெச்சு ரொப்பிடுங்க.”

“வேணாங்க. எடம் விட்டாத்தான் பூ தெரியும்.”

வாய் என்னுடையது, குரல் பரங்கிப்பேட்டைக்காரியுடையது. ஒரு கடைக்காரரிடம் நான் சொன்ன முதல் ‘வேணாம்’ அதுதான். அவர் துணியை மடித்து வைத்துக்கொண்டு, “சொல்லியனுப்புறேன்” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். ரொப்பியதும் என் சொந்தப் புத்தி இல்லை. எனக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்த அக்கா அப்படித்தான் ரொப்புவார். இந்தக் கொடியோ சூடானில் கிளம்பி, துபாய் போய், பரங்கிப்பேட்டை வழியாக என் மடிக்கு வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எதை வைப்பது, எதைப் பிரிப்பது என்று முடிவு செய்தவள் நான்.

மறுநாள் கடையிலிருந்து இரண்டு ரவிக்கைத் துணி வந்தது. ஒன்றுக்கு மட்டும் கல் வைக்கச் சொல்லியிருந்தார்.