மீசை எடுத்த மனிதர்

வீட்டில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் வானொலி. காலையில் வாயில் பிரஷ் இருக்கும்போதே ஒலிபரப்பு தொடங்கிவிடும், தலையணையில் தலை சாய்ந்தால்தான் நிலையம் மூடும் என்பாள் அவள் அக்கா. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பது அவள் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மை. பெரிய வணிக வளாகம் ஒன்றின் தரைத்தளத்தில் இருந்த செருப்புக் கடையில் அவளுக்கு வேலை. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, வந்தவரின் பாதத்தை அளவுப் பலகையில் வைப்பதற்குள், அவர் நாள் முழுக்க நிற்கிறவரா உட்காருகிறவரா, எந்த விரலைக் கடிக்கிறது, முன்பு வாங்கியது ஏன் சரியில்லை என்பதையெல்லாம் கறந்துவிடுவாள். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கூட கையில் பெட்டியோடுதான் வெளியே போவார்.

அவளைக் கட்டிக்கொண்டவர் அவளுக்கு நேரெதிர். அந்த வளாகத்தின் லிஃப்டுகளைப் பழுது பார்க்க வருகிற மெக்கானிக். கேட்டதற்கு ‘சரி’, கேட்காததற்கு ‘ம்’. வாயை மூடியிருந்த அடர்ந்த மீசை, கடைக்கு இறக்கிவிட்ட ஷட்டர் மாதிரி இருக்கும். வேலைக்குப் போடுகிற ஷூ வாங்க ஒருமுறை வந்தார். பிறகு லேஸ் வாங்க வந்தார். பிறகு இன்னொரு ஜோடி லேஸ். அதன் பிறகு அவர் வரவில்லை. அவருடைய தமக்கை வந்து, “என் தம்பி உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருக்கான்” என்றாள். அந்த மனிதர் ஒரு விஷயத்தைப் ‘பேசிக்கிட்டே’ இருந்தார் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அந்த ஆச்சரியத்திலேயே பாதி சம்மதம் வந்துவிட்டது.

அக்காவுக்குத்தான் இதில் மனத்தாங்கல். அவள் மனதில் தன் கொழுந்தனை வைத்திருந்தாள். அவன் விழா மேடைகளில் நிகழ்ச்சி நடத்துகிறவன்; ஊரே அவனை மைக் என்றுதான் கூப்பிடும். பாடுவான், ஆடுவான், அழுகிற குழந்தையையும் முறைக்கிற பெரியவரையும் ஒரே வரியில் சிரிக்க வைப்பான். அவன் இருக்கும் அறையில் விளக்கே போட வேண்டாம். “அந்தப் பையனை விட்டுட்டு இந்த உம்மணாமூஞ்சியப் போய்ப் பிடிச்சியேடி” என்று அக்கா அங்கலாய்த்தாள். மைக் எல்லாப் பெண்களுக்கும்தான் பாடுகிறான் என்பது தங்கைக்குத் தெரியும். இருந்தாலும் மனதின் ஏதோ ஒரு மூலையில் சின்னக் குறை இருந்துகொண்டேதான் இருந்தது.

இந்திப் படம் பார்க்கும்போது அந்தக் குறை தலையைத் தூக்கும். காதல் படங்கள் என்றால் அவளுக்கு உயிர். மொழி தெரியாது, கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்வாள். அந்த வருடம் எல்லோரும் பேசிய ஒரு படத்துக்கு அக்கா குடும்பம், மைக், அவர்கள் இருவர் என்று ஒரு பட்டாளமாகப் போனார்கள். கதாநாயகன் பாடகன். கதாநாயகியின் ஜன்னலுக்குக் கீழே பேண்டு வாத்தியத்தையே கொண்டுவந்து நிறுத்துகிறான். ரயில் நிலைய ஒலிபெருக்கியைப் பிடுங்கி அவள் பெயரைச் சொல்லிக் காதலை அறிவிக்கிறான். அவளையே நினைத்துக்கொண்டிருக்கும் இன்னொருவனும் உண்டு, மருந்துக்கடைக்காரன். அவன் படம் முழுக்க மருந்துதான் எடுத்துக் கொடுக்கிறான். கடைசியில் கதாநாயகி பாடகனோடு போகிறாள், மருந்துக்கடைக்காரன் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்கிறான்.

வெளியே வந்ததும் மைக் ஒலிபெருக்கிக் காட்சியை நடைபாதையிலேயே நடித்துக் காட்டினான். போகிறவர்கள் நின்று கைதட்டினார்கள். இவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரன் உப்புச்சப்பில்லாத ஆள் என்றாள். கணவரிடம் திரும்பி, படம் எப்படி இருந்தது என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “அவன் ஃபேனை நிறுத்தினான்” என்றார்.

யார், எந்த ஃபேன் என்று யாருக்கும் விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை. மூன்று மணி நேரப் படத்தில் இந்த மனுஷன் பார்த்தது ஒரு ஃபேனை என்று அவள் கடையிலும் வீட்டிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவரும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருவது போன்றதுதான். காய்ச்சல் இறங்கியது, காதில் ஓர் இரைச்சல் தங்கியது. பிறகு இரைச்சலும் போனது, அதோடு எல்லாமே போனது. இடது காது அடியோடு போய்விட்டது, வலது காதில் சொற்பம் மிச்சமிருக்கிறது என்றார் மருத்துவர். அதற்கு ஒரு கருவி மாட்டிவிட்டார்கள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. பாத்திரம் உருள்வதும் அக்கா பேசுவதும் ஒன்றுபோலவே கேட்டன.

முதலில் எல்லோரும் அவளிடம் கத்திப் பேசினார்கள். பிறகு ஒரே வார்த்தையில் பேசினார்கள். பிறகு அவளைத் தாண்டி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். மைக் வந்தான், கையாலும் காலாலும் ஒரு நாடகமே நடத்தினான், அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள். அடுத்த முறையும் அதையே செய்தான். அதற்கடுத்த முறை என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா கணவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. குரல்தான் அவன் சொத்து. அது செல்லாத வீட்டில் அவன் என்ன செய்வான்?

கடையில் அவளைக் கிடங்குக்கு மாற்றினார்கள், பெட்டிகளை அளவுவாரியாக அடுக்குகிற வேலைக்கு. அங்கே பேச யாருமில்லை. வீட்டிலும் அவள் பேச்சைக் குறைத்தாள். தன் குரல் தனக்கே கேட்காதபோது, கத்துகிறோமா முணுமுணுக்கிறோமா என்று தெரியவில்லை. பேருந்தில் ஒருமுறை எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வானொலி நின்றே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். கருவி மாட்டியிருக்கும் காதுக்கு ஃபேன் சத்தம் புயல் மாதிரி என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்து, மெதுவாக, மூன்று முறை திருப்பிச் சொன்னார். மூன்றாவது முறைதான் அவளுக்குப் பிடிபட்டது.

“உனக்குத்தானே கேக்கல? எனக்குக் கேக்குதுல்ல. நீ பேசு.”

அவள் பேசினாள். கிடங்கைப் பற்றி, பெட்டிகளைப் பற்றி, எல்லோர் மேலும் இருந்த கோபத்தைப் பற்றி. சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்ள அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

உதடு பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பயிற்சி வகுப்பை அவர்தான் விசாரித்துக் கண்டுபிடித்தார். அவளோடு அவரும் பின் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஒருநாள் ஆசிரியை, பேசுகிறவர் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வேண்டும், கத்தினால் உதடு கோணும், வாயை மறைக்கிற கையும் மென்றுகொண்டிருக்கிற வாயும் பெரிய மீசையும் நமக்கு எதிரிகள் என்று பொதுவாகச் சொன்னார். சொன்னவர் யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை.

மறுநாள் கதவைத் திறந்தவள், வாசலில் நிற்பது யாரென்று ஒரு கணம் திகைத்தாள். மீசை இல்லை. அது இருந்த இடம் வெளிறிக் கிடந்தது. மேலுதட்டிலிருந்து மூக்குவரை ஒரு தழும்பு, உதட்டை லேசாக மேலே இழுத்துப் பிடித்திருந்தது.

அவர் பிளந்த உதட்டோடு பிறந்தவர். சின்ன வயதில் தைத்துச் சரிசெய்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் மீசைக்கடியில் அந்தத் தழும்பு அவள் விரலுக்குத் தட்டுப்பட்டபோது, “தையல் போட்டது” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தார். அதன் பிறகு அவள் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் வாயைத் திறந்தால் பிள்ளைகள் அதேபோல் பேசிக் காட்டுவார்களாம். அதனால் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். மீசை அரும்பிய நாளிலிருந்து அதன் மேல் கத்தி பட்டதில்லை. இதையெல்லாம் அன்று மாலை விளக்குக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு அவரே சொன்னார். சேர்ந்தாற்போல் அவர் அவ்வளவு பேசி அவள் பார்த்ததே இல்லை. நடுவே அவளுக்குச் சில வார்த்தைகள் தப்பின; தப்பிய இடங்களை அவர் பொறுமையாகத் திருப்பிச் சொன்னார். அவள் விரலால் அந்தத் தழும்பைத் தொட்டாள். இந்த முறை அவர் எழுந்து போகவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒரே வேடிக்கை. ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். “மாமா வராரு” என்று அவர் சொன்னால், “எந்தப் பாப்பா?” என்று கேட்பாள். அக்கா கணவர் அந்த வீட்டில் பாப்பாவாகவே ஆகிப்போனார்.

அந்த நாட்களில்தான் பழைய இந்திப் படம் தொலைக்காட்சியில் வந்தது. இருவரும் பார்த்தார்கள். அவளுக்கு இப்போது பாட்டு இல்லை, இசை இல்லை. பேண்டு வாத்தியக்காரர்கள் கன்னம் உப்ப ஊதினார்கள். ஒலிபெருக்கியில் ஒருவன் கையை வீசினான், அவ்வளவுதான். பாதிப் படத்தில் கதாநாயகி கோபத்தோடு மருந்துக்கடைக்கு வருகிறாள். ஏதோ பொரிந்து தள்ளுகிறாள். மருந்துக்கடைக்காரன் எழுந்து சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து, கல்லாவில் முழங்கையை ஊன்றி அவளைப் பார்க்கிறான். மேலே ஃபேன் மெல்லச் சுற்றி நிற்கிறது. படம் முழுக்க அந்தப் பெண் சொன்னதை முழுசாகக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். பாடகன் ஒரு காட்சியிலாவது அவளைப் பேசவிட்டானா என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

“அந்தப் பொண்ணு பார்க்கவே இல்லையேங்க” என்றாள்.

“நீயுந்தான் பார்க்கல” என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

அக்கா மகளின் பிறந்தநாளை ஒரு சின்ன மண்டபத்தில் கொண்டாடினார்கள். நிகழ்ச்சி நடத்தியவன் மைக்தான். அவன் ஏதோ சொல்ல, கூட்டம் மொத்தமும் அவள் கணவர் பக்கம் திரும்பிச் சிரித்தது. அவர் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. என்ன என்று அக்காவைக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று அக்கா கையை ஆட்டினாள். கணவர்தான் திரும்பி, முகத்தை நேராகக் காட்டிச் சொன்னார்: “நான் மீசைய லிஃப்ட்ல மறந்து விட்டுட்டு வந்துட்டேனாம். ஜோக்கு நல்லாத்தான் இருக்கு.”

அவளுக்கு நல்லாயில்லை. மைக் மேடையிலிருந்து இறங்கி வந்ததும் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். யாருக்கும் கேட்காமல் ரகசியமாகச் சொல்வதாகத்தான் அவள் எண்ணம்.

“அவரு மீசைய எடுத்தது எனக்காக. அவர் வாய் தெரிஞ்சாத்தான் அவர் என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் காட்டாம வெச்சிருந்த தழும்ப, என்கூடப் பேசணும்னு ஊருக்கே காட்டிட்டு நிக்கிறாரு. அதப் போய்ச் சிரிக்காத.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது மண்டபமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பரிமாறக் கரண்டியைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். ரகசியம் கடைசி வரிசை வரை போயிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கத்தில் கணவரைத் தேடினாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மைக் நல்ல மனசுக்காரன். இரண்டொரு நாளில் வீட்டுக்கு வந்தான். அவளெதிரே உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக மன்னிப்புக் கேட்டான். வேகமாகப் பேசியே பழகிய வாய் அது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வைக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்து அவளே மனமிரங்கித் தோளில் தட்டிக்கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் வந்திருக்கும் விழாக்களில் அவன் மைக்கை உதட்டுக்கு நேரே வைப்பதில்லை. தாடைக்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொள்வான். அக்காவும் தங்கை கணவரை உம்மணாமூஞ்சி என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

கிடங்கை விட்டு வெளியே வந்தது அவளே எடுத்த முடிவு. முதலாளியம்மா எதிரே போய் நின்று, ஒரு வாரம் பழைய ஸ்டூலைக் கொடுங்கள், சரிப்படாவிட்டால் நானே கிடங்குக்குத் திரும்பிவிடுகிறேன் என்றாள். வருகிறவர்களிடம் முதலிலேயே, “எனக்குக் காது கேக்காது, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க” என்று சொல்லிவிடுவாள். சிலர் தயங்கினார்கள். பலர் நின்று நிதானமாகச் சொன்னார்கள். வாரம் முடிந்தபோது ஸ்டூலைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வளாகத்தின் நடுவில் இப்போது கண்ணாடி லிஃப்ட் ஒன்று ஓடுகிறது. கடை வாசலிலிருந்து பார்த்தால் உச்சிவரை தெரியும். அதைப் பராமரிக்க அவர் வரும் நாட்களில், மூன்றாவது மாடி உயரத்தில், கண்ணாடிக்குப் பின்னால், இடுப்பில் பாதுகாப்புப் பட்டையோடு நிற்பார். கூட்டம் போகும் வரும், சத்தம் கூரையைப் பிளக்கும். அவர் அங்கிருந்தபடியே அவளைப் பார்த்து, குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொண்டிருப்பார். காலையில் பார்த்த ஆட்களைப் பற்றி, லிஃப்டுக்குள் ஏணியை நுழைக்கப் பார்த்தவரைப் பற்றி, பக்கத்திலேயே நிற்கும் மேலாளரின் தலைச்சாயத்தைப் பற்றி. மேலாளருக்கு ஒன்றும் தெரியாது. அவர் அறிந்தவரை இந்த மெக்கானிக் வாயே திறக்காதவர்.

ஒருநாள் அப்படி அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை ஷூ வாங்க வந்த ஓர் அம்மாள் பார்த்துவிட்டார். என்ன சிரிப்பு என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“எங்க வீட்டுக்காரர் பேசிட்டிருக்காரும்மா. ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாரு” என்றாள்.

அந்த அம்மாள் முன்னும் பின்னும் பார்த்தார். யாரையும் காணோம். அவள் அளவுப் பலகையை இழுத்து வைத்து, காலை நீட்டச் சொன்னாள்.