சங்கிலி போட்ட பின்கதவு

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஓர் ஆவணக் காப்பகத்தில் சுஜாந்தினி பழைய கடிதங்களை ஸ்கேன் செய்கிறாள். நூற்றுமுப்பது வருடங்களுக்கு முன் டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா போனவர்கள் வீட்டுக்கு எழுதியவை. ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளுக்கு அந்தப் பழைய டேனிஷ் மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது.

சென்ற மாசியில் கிர்ஸ்டீனா என்பவளின் கடிதக் கட்டு வந்தது. சிகாகோவில் சவர்க்காரத் தொழிற்சாலை வேலை. போன மாதம் சோளக்காடாக இருந்த இடத்தில் இந்த மாதம் ஐந்து மாடி நிற்கிறது என்று எழுதியிருந்தாள். சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் ஆட்டம், பாட்டு, கோமாளிக் கூத்து. 'சீட்டில்லாதவர்கள் நுழையாதபடி பின்கதவைப் பூட்டிவிடுகிறார்கள். மூச்சு முட்டுகிறது. ஆனாலும் சிரித்து வயிறு நோகிறது.'

அடுத்த கடிதம் அவள் கையெழுத்தில் இல்லை. மண்டபம் எரிந்ததையும் மோதிரத்தை வைத்து அவளை அடையாளம் கண்டதையும் அறைத்தோழி நான்கு வரிகளில் எழுதியிருந்தாள்.

அன்று சுஜாந்தினி மதியம் சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு பின்னேரம், பிரெடெரிசியா நகரில் தமிழ்ச் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி. புதிய தொடர்மாடிகளுக்கு நடுவே எஞ்சியிருந்த, ஒருகாலத்தில் சரக்கு அடுக்கிய பழைய கிட்டங்கிதான் மண்டபம். உள்ளே அறுநூறு பேர். கழிப்பறை தேடிப் போனவள் பின்கதவில் சங்கிலியைக் கண்டாள். நேரே நிகழ்ச்சி அமைப்பாளர் றொபேட்டிடம் போனாள்.

"றொபேட் அண்ணை, பின்கதவைத் திறந்து விடுங்கோ."

"திறந்தா பெடியள் ரிக்கெற் எடுக்காமல் வந்திடுவாங்கள், தங்கச்சி."

"நான் அதில நிண்டு பாக்கிறன். திறப்பைத் தாங்கோ."

"பாட்டு முடியட்டும். ஏன் இப்பிடிப் பயப்பிடுறீங்கள்?"

"தராட்டில் இப்பவே தீயணைப்புக்குப் போன் அடிப்பன்."

முகத்தைச் சுளித்தபடி அவர் சாவியை நீட்டினார். பூட்டைத் திறந்து சங்கிலியை உருவிவிட்டு அவள் கதவடியிலேயே நின்றாள். அங்கிருந்து மேடை பாதிதான் தெரிந்தது. முதுகில் குளிர்காற்று அடித்தது.

ஏழாவது பாட்டில் மேடைத் திரைக்குப் பின்னால் மின்கம்பி பற்றிக்கொண்டது. புகை இயந்திரத்தின் வேலை என்று நினைத்துச் சனம் கைதட்டியது. அந்தப் புகை கறுப்பாக இருந்தது.

"நெருப்பு, இஞ்சால வாங்கோ" என்று அவள் கத்தினாள். முன்வாசல் நெரிசலில் அடைத்துக்கொண்டது. முக்கால்வாசிப் பேர் அவளைத் தாண்டித்தான் வெளியேறினார்கள். ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. யாரும் சாகவில்லை.

வாகனத் தரிப்பிடத்தில் றொபேட் அவளருகே வந்து நின்றார். சட்டையெல்லாம் கரி. "உள்ளுக்க ஆரும் நிக்கினமோ?" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. ஒருவரும் இல்லையென்று தீயணைப்புக்காரர் சொல்லும்வரை இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வைகாசியில் எஸ்பியர்க்கில் வேறொரு குழுவின் நிகழ்ச்சி. நுழைவுச்சீட்டுகள் இரண்டே நாளில் தீர்ந்தன. மண்டபத்துக்கு எத்தனை வாசல் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. சுஜாந்தினி விசாரிக்க அந்தக் குழுவுக்குப் போன் எடுத்தாள். மறுமுனையில் அது அடித்துக்கொண்டே இருந்தது.