ஆடிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை நான் பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்தேன். பெரம்பலூர் பாலிடெக்னிக்கில் சிவில் படித்து முடித்தது அதை வைத்துத்தான். வீட்டு பிளான் போட்டுப் பழகியதும் அதில்தான். ஆனால் ஒரு வீட்டை த்ரீ டி-யில் எழுப்பிக் காட்டச் சொன்னால் போதும், உள்ளே இருக்கும் ஃபேன் கத்தும், திரை அப்படியே நின்றுவிடும். நான் போய் உலை வைத்து அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

அரியலூரில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் ஐந்து வருஷம் பிளான் வரைந்தேன். பிரசவத்துக்கு லீவு எடுத்தேன். எட்டு மாதக் குழந்தையை அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம் விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனால், என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

சார் என்னை நேராகப் பார்க்காமல் சொன்னார்: "வூட்ல இருந்தே போட்டுக் குடும்மா. ஒரு எலிவேஷனுக்கு இவ்ளோன்னு குடுத்துடறேன். ஆனா த்ரீ டி வேணும். இப்பல்லாம் கலர்ல காட்டுனாத்தான் பார்ட்டி தலையாட்டுறாங்க."

எலிவேஷன் என்பது வீட்டின் முன்பக்கத் தோற்றம். விக்கிரமங்கலத்தில் ஒருவர் வீடு கட்டப் போகிறார், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர். எங்கள் பக்கம் ஆடியில் யாரும் பூமி பூஜை போட மாட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கடைக்கால் தோண்டுவார்கள். அதனால் ஆடி முழுக்கப் படம் வரைகிறவர்களுக்குத்தான் வேலை.

"ஆடி முடியறதுக்குள்ள குடுத்தீன்னா இது உனக்கு. அதுக்கப்புறம் வர்றதும் உனக்கு. முடியலைன்னா இப்பவே சொல்லிடு, திருச்சியில ஆள் இருக்கு" என்றார் சார்.

முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதை வைத்து முடியும் என்பதை பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன்.

இன்னொன்றும் இருந்தது. பிளான் தாளின் வலது கீழ் மூலையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். அதில் ஒன்று 'வரைந்தவர்', பக்கத்தில் 'சரிபார்த்தவர்'. ஆபீஸ் ஃபைலில் இரண்டிலுமே சாரின் இனிஷியல் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். ஐந்து வருஷத்தில் எத்தனை வீடு வரைந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவற்றில் ஒன்றின் மூலையிலும் நான் இல்லை. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. நாற்காலி போன பிறகுதான் வலித்தது, நன்றாகவே வலித்தது.

புதுக் கம்ப்யூட்டருக்காக, மாதாமாதம் கட்டிவந்த சீட்டைத் தள்ளி எடுத்ததில் கைக்கு வந்தது நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். சிமெண்ட் ஆலையில் பேக்கிங் பக்கம் காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், "பத்தலைன்னா தோட்டை அடகு வெச்சுக்கலாம்" என்றார். வேண்டாம் என்றேன். நாற்பத்தைந்துக்குள் முடிக்கத் தெரியாதவளுக்கு அறுபது கொடுத்தாலும் முடிக்கத் தெரியாது.

கம்ப்யூட்டருக்கு உதிரி உதிரியாக என்னென்ன வாங்குவது என்று ஒரு வாரம் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எல்லாம் பெருநகரத்துப் பிள்ளைகள், எல்லாம் விளையாட்டுக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக விளக்கு எரியும். ஒருவர்கூட யூ.பி.எஸ். பற்றிப் பேசவில்லை. அவர்கள் ஊரில் கரண்டே போகாது போலிருக்கிறது. காற்று தாராளமாக உள்ளே போக முன்பக்கம் முழுக்க வலை வைத்த பெட்டியை வாங்கு என்றார்கள். எங்கள் வீட்டு வாசலில் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிறது. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அதனால் யூ.பி.எஸ்.ஸை என் பட்டியலில் முதல் வரியிலேயே எழுதினேன். பெட்டியின் முன்பக்கத்துக்குப் பழைய கொசுவலையை வெட்டித் தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அரியலூரில் நான் விசாரித்த கடைகளில் முழு செட்டாகத்தான் கொடுத்தார்கள். உதிரியாகக் கிடைப்பது பெரம்பலூரில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில். படிக்கிற காலத்தில் பென் டிரைவ் வாங்கிய கடை.

"கேமிங்குக்கா சிஸ்டர்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வீடு கட்டறதுக்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு கொட்டேஷன் போட்டார். விலை குறைந்த பிராசஸர், அதோடு ஒன்பதாயிரத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு, லைட் எரியும் பெட்டி.

"லைட்டு எதுக்குங்க, தேர்த் திருவிழாவா?" என்றேன். "நான் போடற சாஃப்ட்வேர் பிராசஸரை வெச்சுத்தான் படத்தை முடிக்கும். கார்டு சும்மா உக்காந்திருக்கும். அந்தக் காசை பிராசஸர்லயும் ராம்லயும் போடுங்க."

"அப்ப இந்த பிராசஸரே போதுமே. கார்டை மட்டும் எடுத்துடறேன்."

"எடுத்துட்டா திரையில எதுவுமே வராதுங்க. இந்த பிராசஸருக்குள்ள டிஸ்ப்ளே கிடையாது, கார்டு இருந்தாத்தான் படம் காட்டும். டிஸ்ப்ளே உள்ளயே இருக்கற பிராசஸரைக் குடுங்க."

அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். உண்மையில், முந்தின நாள்வரை எனக்கும் அது தெரியாது.

பிராசஸர் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, போர்டு ஏழாயிரத்து எண்ணூறு, மானிட்டர் ஆறாயிரத்து ஐந்நூறு என்று கூட்டிக்கொண்டே போனதில் மொத்தம் நாற்பத்து நாலாயிரத்து இருநூறு வந்தது. மீதி எண்ணூறு. மாட்டிக் கொடுக்க அவர் கேட்ட கூலியும் சரியாக எண்ணூறு. எல்லாம் பொருந்தி வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்கு நாள் கழித்துப் பணத்தோடு போனால், ராம் விலை ஆயிரத்து அறுநூறு ஏறியிருந்தது.

"தினமும் ஏறுது சிஸ்டர். நாளைக்கு வந்தா இன்னும் ஏறும்."

ராமைப் பாதியாகக் குறைத்தால் த்ரீ டி படுத்துவிடும். யூ.பி.எஸ்.ஸை எடுக்க முடியாது. கடை வாசலில் நின்று பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தேன். கடைசியில் இருப்பதிலேயே மலிவான பெட்டியைக் காட்டச் சொன்னேன். எண்ணெய் டின் தகரம்போல இருந்தது. அதில் எண்ணூறு மிச்சம். மாட்டும் கூலிக்கு இடமே இல்லை. கணக்கு நாற்பத்தைந்தாயிரத்தில் வந்து நின்றது.

"நானே மாட்டிக்கறேங்க."

"பின்னு வளைஞ்சா வாரண்டி கிடையாது சிஸ்டர். அப்புறம் அழுதுகிட்டு வரக் கூடாது."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. "வந்தா இன்னொன்னு வாங்கத்தாங்க வருவேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் பிரிக்க உட்கார்ந்தேன். அத்தை வந்து குறுக்கே நின்றார்.

"ஆடியில புதுசா ஒண்ணைத் தொடங்கலாமா புள்ள? நாளான்னிக்குப் பதினெட்டாம் பெருக்கு. அன்னிக்குப் பிரி. அன்னிக்குத் தொட்டது பெருகும்."

எனக்கு ஒவ்வொரு நாளும் பொன். ஆனால் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நேரமெல்லாம் குழந்தையைத் தூக்கிச் சுமக்கப் போவது அவர்தான். அந்தக் கணக்கு எந்தக் கொட்டேஷனிலும் வராது. சரி என்று பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஆடிப்பெருக்கு அன்று அத்தை கொள்ளிடத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்த பிறகு, கூடத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டேன். பிராசஸரை அதன் இடத்தில் வைக்கும்போது மூச்சையே விடவில்லை. அழுத்தாமலே போய் உட்கார்ந்தது. பெட்டியின் தகர விளிம்பு விரலைக் கிழித்தது, துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தேன். ராம் இரண்டையும் கவரிலிருந்து எடுத்து வைத்த நேரம் குழந்தை அழுதது. பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது பெட்டி, மானிட்டர், யூ.பி.எஸ்., கீபோர்டு எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தாலும் அப்படித்தான், பைக் வந்தாலும் அப்படித்தான். ராமை அழுத்தி மாட்டினேன். டக்கென்று சத்தம் வந்தது.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். திரை கறுப்பாகவே இருந்தது.

அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். கறுப்புதான். கடைக்காரருக்கு போன் செய்தேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல சிஸ்டர். நாளைக்கு எடுத்துட்டு வாங்க. செக் பண்ண ஐந்நூறு. போர்டு போயிருந்தா நம்ம பொறுப்பில்ல."

ஒரு வருஷச் சீட்டு, தகரப் பெட்டிக்குள் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. ஆடியில் இன்னும் இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடு, காலையில வண்டியில வெச்சுக் கொண்டுபோயிடலாம்" என்றார்.

"வேணாங்க. நான் மாட்டினதை நானே கழட்டறேன்."

ஒரு பழைய பிளான் தாளின் பின்பக்கத்தில் மாட்டிய வரிசையை எழுதினேன். அதைக் கீழிருந்து மேலாகப் பிடித்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒயர்கள் சரி. பிராசஸரின் பின்கள் நேராக இருந்தன. ராமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் கீழ் விளிம்பில் வரிசையாகத் தங்க நிறக் கோடுகள் இருக்கும், அவைதான் போர்டைத் தொட வேண்டும். அவற்றில் பாதி மங்கலாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

"அத்தை, இதுக்கும் பொட்டு வெச்சீங்களா?"

"ஆமா புள்ள, ரெண்டுக்கும் வெச்சேன். குங்குமம் தீந்து போச்சு, சந்தனம் மட்டும்தான். அதுல தங்கம் இருந்துச்சு பாரு, அதான் அந்த எடத்துலயே மங்களமா வெச்சேன்."

கோபம் வந்தது. பொய் சொல்லவில்லை, நன்றாகவே வந்தது. ஆனால் அவர் முகத்தில் ஒரு தப்பும் தெரியாத பெருமிதம் இருந்தது. வேண்டிக்கொண்டு வைத்திருக்கிறார். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிரித்துவிட்டேன்.

பாலிடெக்னிக்கில் டிராயிங் ஷீட்டில் பென்சில் கோடு அழித்த வெள்ளை ரப்பர் இன்னும் என்னிடம் இருந்தது. அதை எடுத்து ஒவ்வொரு கோடாகத் தேய்த்தேன். கோடு வரைந்து பழகிய கைக்கு ஒரு கோட்டைக்கூட விட்டுவிட்டுத் தேய்க்க வராது. போர்டில் ராம் உட்காரும் பள்ளத்தைப் புதிய பல் துலக்கும் பிரஷ்ஷால் பொறுமையாகத் தட்டிவிட்டேன். முதலில் ஒரே ஒரு ராமை மாட்டி சுவிட்சைப் போட்டேன். வெள்ளை எழுத்துகள் வந்தன. இரண்டாவதையும் மாட்டினேன். அதுவும் வந்தது.

நான் அழுதேன். கடைக்காரருக்குத் தெரியவா போகிறது.

"பொட்டு வெச்சதாலதான் ஓடுது" என்றார் அத்தை. இன்றுவரைக்கும் வருகிறவர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு நாளையும் வீணாக்கவில்லை. குழந்தை தூங்கும் நேரமெல்லாம் விக்கிரமங்கலத்து வீடு எழுந்தது. போர்டிகோ, தூண், மாடிக் கைப்பிடி, பக்கத்தில் நிற்கும் வேப்பமரம். கடைசிப் படம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது கரண்டு போனது. யூ.பி.எஸ். கீச்சிட்டுக்கொண்டே தாங்கியது. படம் முழுசாக வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, டவுனில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். வீடு கட்டப் போகிற, வெளிநாட்டிலிருந்து திரும்பிய அந்த மனிதரும் அங்கே இருந்தார். படத்தைக் கையில் வாங்கியவர் ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை. "இதேதான் சார். இந்த மரத்தை மட்டும் வெட்டிடாதீங்க" என்றார்.

சார் சிரித்தார். தாளைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போடத் தாளின் கீழ் மூலையைப் பார்த்தவர், கையை நிறுத்தினார். ஆபீஸ் ஃபைலை நான் எடுக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் கட்டங்களைப் புதிதாகவே போட்டிருந்தேன். 'சரிபார்த்தவர்' காலியாக இருந்தது. 'வரைந்தவர்' நிரம்பியிருந்தது.

"என்னம்மா, இதுல உன் பேரு இருக்கு?"

"வரைஞ்சது நான்தானுங்களே சார்."

வேண்டாம், மாத்து என்றால் மாற்றக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். அந்த மனிதர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். சார் பேனா மூடியைக் கழற்றினார். காலியாக இருந்த கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். பக்கத்துக் கட்டத்தைத் தொடவில்லை.