பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்த தோழி

மூன்று வருடங்களுக்கு முன், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தவள் நான். சொந்தத் தொழில் ஆசை வந்து, நாற்பது வயதில் மாலைக் கல்லூரியில் மூன்று வருட எம்.பி.ஏ. சேர்ந்தேன். அந்த மூன்று வருடமும் ராத்திரி சப்பாத்தி இட்டது என் கணவர்தான். வட்டமாக வராது, ஆனால் சூடாக இருக்கும்.

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டுப் புளிக்காய்ச்சல். காலனியிலும், காலை லோக்கல் ரயிலில், லேடீஸ் டப்பா என்கிற பெண்கள் பெட்டியில் கூட வரும் தோழிகளிடமும் கொடுத்து, கருத்துக் கேட்கும் ஃபாரத்தையும் நீட்டி, பக்கத்திலேயே நின்று நிரப்பச் சொன்னேன். நாற்பது பேரும் 'பிரமாதம்' என்று டிக் போட்டார்கள். காலனியில் கொடுத்த கிண்ணங்கள் சர்க்கரையோடு திரும்பி வந்தன. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் வழக்கம்தானே? நானோ அந்தச் சர்க்கரையையும் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பட்டம் வந்த கையோடு ராஜினாமா. வீட்டிலேயே செய்து பாட்டிலில் விற்க ஆரம்பித்தேன்.

முதல் மாதம் எல்லோரும் ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கினார்கள். இரண்டாவது மாதம் யாரும் கேட்கவில்லை. வீட்டில் இடம் சின்னது, பெரிதாகச் செய்தால் எடுபடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பி.எஃப். பணம் முழுவதையும் போட்டு ஒரு பட்டறை இடத்தை வாடகைக்கு எடுக்க, திங்கட்கிழமை கையெழுத்து என்று முடிவாகிவிட்டது.

அதற்கு முந்தின நாள்தான் அவள் வந்தாள். லோக்கலில் பழக்கமான தாராவிக்காரி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், ஆஸ்பத்திரியில் நர்ஸ், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். நனைந்த குடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து, பையிலிருந்து என் பாட்டிலை எடுத்து வைத்தாள். இரண்டு ஸ்பூன்தான் குறைந்திருந்தது.

"கோவிச்சுக்கிடாதீய அக்கா. எங்க வீட்ல யாருக்கும் இது எறங்கல. வெல்லம் தூக்கலா இருக்கு, காரமே இல்ல. டிரெயின்ல மத்தவங்களும் இததான் பேசிக்கிடுதாங்க. நாளைக்குக் கையெழுத்துன்னு சொன்னீயளே, அதான் ஓடி வந்தேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்பது பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எம்.பி.ஏ. படித்தவளுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று கேட்டேவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அவள் எழுந்து போகவில்லை. "எதிர்க்க நின்னுக்கிட்டுக் கேட்டா, நல்லால்லன்னு யாரு அக்கா சொல்லுவா?" என்றாள் மெதுவாக.

கேள்வி கேட்பவர் எதிரில் நிற்கக்கூடாது, வாயால் சொல்வதைவிட மறுபடி வாங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். இதையே பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சுரைக்காய் மேல் என்ன தப்பு? நான்தான் அதை ஏட்டைவிட்டு எடுக்கவே இல்லை. அழுகை வந்துவிட்டது. அவள் சமையலறைக்குள் போய், டப்பாக்களைத் தானே தேடி, டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கையெழுத்துப் போடவில்லை. கல்லூரி நோட்டை எடுத்துவைத்து, இந்தமுறை ஒழுங்காகச் செய்தேன். மூன்று விதப் புளிக்காய்ச்சல், ஒருவேளைச் சாப்பாட்டுக்கான சின்னப் பாக்கெட்டில், அடையாளத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் மட்டும். யார் செய்தது என்று சொல்லாமல் அவள் ஆஸ்பத்திரியிலும் தன் சந்திலும் கொடுத்தாள். எது மறுபடி கேட்கப்படுகிறது என்று மட்டும் குறித்தோம். எங்கள் வீட்டு ருசியை ஒருத்தர்கூடத் திரும்பக் கேட்கவில்லை. வெல்லமில்லாமல், மிளகாய் தூக்கலாக இருந்ததைத்தான் கேட்டார்கள், பெரும்பாலும் வேலை முடிந்து களைத்து வரும் பெண்கள்.

அதைத்தான் இன்று செய்கிறேன். பழைய சம்பளத்தை இன்னும் எட்டவில்லை, ஆனால் வண்டி ஓடுகிறது. பட்டறையும் போன வருடம் எடுத்தாயிற்று, சின்னதாக.

அன்று அவளுக்கு நைட் டூட்டி முடிந்த காலை என்பதே எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியும். தூங்காமல், மழையில், நான் கோபப்படுவேன் என்று தெரிந்தே வந்திருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நமக்கெதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாகவும், அவள்மேல் சொல்ல முடியாத பிரியமாகவும் இருக்கிறது.