பொட்டு வைத்த கம்ப்யூட்டர்கள்

மவுசைத் தொடுமுன் எத்திராஜ் உள்ளங்கையைப் பேண்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொள்வார். ரேணிகுண்டா மாம்பழக்கூழ் கம்பெனியில் அவர் கம்ப்யூட்டர் மேஸ்திரி. அது அவரே தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். "எட்டாங்கிளாஸ் ஃபெயிலு நானு. ஆனா நான் தட்டுனா எந்தப் பொட்டியும் வாயத் தொறக்கும்" என்பார், யாரும் கேட்காமலே.

பாலசமுத்திரத்தில் கையகல நிலமில்லாத குடும்பம். தொண்ணூறுகளில் ஆபீசுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது லாரியிலிருந்து சுமந்தவர். சுமந்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுகிற ஆளா அவர்?

புது புரோகிராம் என்றால் சி.டி.யோடு புத்தூர், சித்தூர் கிளை ஆபீசுகளுக்கு பஸ் ஏறி, ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் தவம் கிடக்க வேண்டும். இந்த முறை பில் போடும் புரோகிராமையே மாற்ற வேண்டிவந்தது. வேலையை மெட்ராஸ் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாமா என்று முதலாளி பிரமிளா யோசித்தார். கொடுத்தால் எத்திராஜ் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"இங்க குந்திக்கினே மூணு ஆபீசுக்கும் ஏத்துறேம்மா. பூஜ லீவு முடியட்டும், பாருங்க."

ஆயுத பூஜையன்று ஆபீசில் ஆள் இருக்காது, தொந்தரவும் இருக்காது என்பது அவர் கணக்கு. சர்வரிலிருந்து அனுப்பினார். ஒரு கம்ப்யூட்டரும் ஏனென்று கேட்கவில்லை. சித்தூர் ஆபீஸ் குமாஸ்தா சிட்டிபாபுவுக்குப் போன் போட்டார்.

"இன்னாடா, பொட்டிங்கள ஆன்ல வுட்டுட்டுப் போன்னேனே?"

"பொட்டு வச்சி, மால போட்டு, மெயின் சுவிட்சையே அணைச்சிட்டோம்ணா. ஆயுதம் இன்னிக்கி தூங்கணும்ல? நீ உன் ஸ்க்ரூடிரைவருக்குப் பொட்டு வைக்கல?"

வைத்திருந்தார். புத்தூரிலும் இதே கதை. நாள் குறித்ததே தப்பு.

சேதி பிரமிளாவுக்கு எட்டியது. "மெட்ராஸ்காரங்கள வரச் சொல்லிடட்டுமா?" என்றார் போனில்.

"நாளைக்கி விஜயதசமிம்மா. புதுசு தொடங்குற நாளு. காலைல வாங்க."

தூங்குகிறவனை எழுப்பி எதற்கு ஊட்ட வேண்டும்? "முழிச்சா தானா துன்னட்டும்" என்று முணுமுணுத்தபடி முறையையே மாற்றி எழுதினார். எந்தக் கம்ப்யூட்டரும் உயிர் வந்ததும் முதலில் சர்வரைத்தான் எட்டிப் பார்க்கும்; எழுதியதை அங்கே வைத்தால் போதும். சுவிட்சைப் போட்டதும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சர்வரிடம் கேட்டு, புது புரோகிராமை வாங்கி, தானே ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு வரி பிசகினால் விடிந்ததும் மூன்று ஆபீசும் படுத்துவிடும். சரக்கு லாரி நகராது. தன் கம்ப்யூட்டரை அணைத்தார், போட்டார். திருத்தினார், மறுபடி அணைத்தார். சரியாக வரும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை பிரமிளா அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். எத்திராஜின் திரையில் புத்தூர்க் கம்ப்யூட்டர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. சித்தூர் அசையவில்லை. பிரமிளா கைப்பையிலிருந்து போனை எடுத்தார். அதற்குள் மேசைப் போன் அலறியது. சிட்டிபாபுவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ணா, இப்பத்தான் வந்து மெயினப் போட்டேன். கைய வைக்கல, புது பில்லு தானா வந்து நிக்குதுணா!"

"மெட்ராசுக்கு வேணாம்னு சொல்லிட்றேன்" என்றார் பிரமிளா.

எத்திராஜ் சாய்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, முதலாளியம்மா எதிரில் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.